அத்திப்பள்ளி தாண்டி ஒரு கேமரா

விலை மலிவென்று நம்பி, ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்குக் கேமரா வாங்கப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாட் வரிக் காலத்து நினைப்பு அது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபின் மாநில எல்லையின் இருபக்கமும் ஒரே வரி. 2019 ஜனவரி முதல் டிஜிட்டல் கேமராவுக்கு 18 சதவீதம். போவதானால் பழைய கேமராவுக்குப் போகலாம். வீட்டு விசேஷத்துக்குக் கைபேசியே போதும் (மெகாபிக்சல் கணக்கைக் கடைக்காரரே வைத்துக்கொள்ளட்டும்). கெலவரப்பள்ளி அணைப் பறவைகளுக்குத்தான் ஜூம் வேண்டும். நிக்கான் பி950-இல் 83 மடங்கு உண்டு. ஆனால் சென்சார் பொடிசு, வெளிச்சம் மங்கினால் படம் புள்ளிபுள்ளியாகிவிடும். அதைவிடக் குறைந்த பணத்தில் பழைய டிஎஸ்எல்ஆரும் 70-300 லென்ஸும் அமையும். என் ஓட்டு அதற்கே. லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள், ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். சானமாவுக் காட்டு யானைகளை எடுக்கவென்று மட்டும் எதையும் வாங்காதீர்கள்.