‘மதி சேட்டா!’ - கொச்சி கள்ளு ஷாப்புகளில் ஒரு நாள்

“குடும்பத்தோட படிக்கிற பத்திரிகையில கள்ளுக்கடையைப் பத்தியா எழுதப் போறீங்க?”

ரயில் எர்ணாகுளத்தை நெருங்கும்போது என் மனைவி கேட்ட கேள்வி இது. “எழுதறது மட்டுமில்ல, நீயும் உள்ளே வந்து உட்காரப் போறே” என்றேன். பதில் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேள்வி நியாயமானதுதான். நம் ஊரில் ஒயின்ஷாப் வாசல் வந்தாலே பெண்கள் ரோட்டின் எதிர்ப்பக்கம் மாறி நடப்பார்கள். ஆனால், கேரளத்தில் பெயர்பெற்ற கள்ளு ஷாப்புகளுக்கு விடுமுறை நாளில் பாட்டி, பேத்தியோடு கார்களில் வந்து இறங்குகிறார்கள். டேபிள் கிடைக்கும்வரை மரத்தடியில் காத்திருக்கிறார்கள். ஒரே பொருள், பக்கத்துப் பக்கத்து மாநிலம். எப்படி இந்த வித்தியாசம்? அதைப் பார்க்கத்தான் ஒரு சனிக்கிழமை முழுக்கக் கொச்சியைச் சுற்றினோம்.

இந்தப் பகுதியின் வாசகர்களுக்கு என் கணக்கு தெரியும். எந்தக் கடைக்குப் போனாலும் நான்கு விஷயங்களுக்குத்தான் மார்க்: வெளிச்சம், கை கழுவும் இடம், சாப்பாடு, மனிதர்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து. குடிக்கிற சரக்குக்கு மார்க் கிடையாது. எனக்கு ஒரு கடையில் ஒரு கிளாஸ்தான். போக வர மெட்ரோ, படகு, ஆட்டோ. குடித்துவிட்டு வண்டியைத் தொடுவதில்லை.

ஏரிக்கரை ஷாப்பு

மெட்ரோவில் கடைசி ஸ்டேஷனான திருப்பூணித்துறாவில் இறங்கி, உதயம்பேரூர் பக்கம் ஆட்டோ பிடித்தோம். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் மலையாளத்தில் ‘கள்ளு’ என்று கொட்டை எழுத்து. கேரளத்தில் எந்த மூலைக்குப் போனாலும் இந்தப் பலகைதான் அடையாளம். மலையாளம் தெரியாதவரும் இரண்டு கடை பார்த்ததும் படித்துவிடுவார்.

மதியம் பன்னிரண்டரைக்கே கூட்டம். தட்டு நிறைய வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு வந்தது. அங்கே கப்பை என்கிறார்கள். மேலே செக்கச்சிவந்த மீன் தலைக்கறி. புளிக்குப் பதில் குடம்புளி. அதன் புளிப்பு நாக்கில் பட்டதும் சுருக்கென்று ஏறாது. நிதானமாக வந்து கடைசிவரை நிற்கும். முந்தின நாள் வைத்த கறிதான் ருசி என்று பரிமாறியவர் சொன்னார். கெடாமல் தாங்குவதும் அந்தக் குடம்புளியின் வேலைதான். அப்புறம் வாழையிலையில் சுருட்டிச் சுட்ட கரிமீன். அது கேரளத்தின் மாநில மீன். முள் அதிகம், பொறுமை வேண்டும். பில் வந்தபோது பார்த்தால், கள்ளைவிடக் கரிமீன்தான் எகிறியிருந்தது.

கள்ளு மண் குடுவையில் வந்தது. தென்னம்பாளையை விரிய விடாமல் இறுக்கக் கட்டி, தினமும் தட்டிப் பக்குவப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு, கலயம் கட்டுவார்கள். சொட்டுவது வெறும் இனிப்பு நீர். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது இனிப்பாகவே நிற்கும். நம் ஊர் பதநீர் அப்படித்தான். சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் சில மணி நேரத்தில் வேலையை ஆரம்பித்துவிடும். காலையில் இறக்கியது இனிப்பு, சாயங்காலம் கிறுகிறுப்பு, விட்டுவிட்டால் காடி. இதே நுரையை மாவில் விட்டுத்தான் கள்ளப்பம் சுடுகிறார்கள். என் கிளாஸ் இளம்புளிப்பாக, இளநீரில் மோர் கலந்த மாதிரி இருந்தது.

சாப்பாட்டில் குறையில்லை. ஆனால் எங்களை உட்காரவைத்தது, பலகை அடித்துத் திரைச்சீலை போட்ட ஒரு சின்ன ‘ஃபேமிலி ரூம்’. ஏரி அந்தப் பக்கம். எங்களுக்குத் தெரிந்தது திரையில் இருந்த பூ டிசைன்.

“உள்ளே வரலாம். ஆனா கண்ணுல படக் கூடாது. அதானே?” என்றார் மனைவி. எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

மார்க்: வெளிச்சம் 6, கை கழுவும் இடம் 8, சாப்பாடு 9, மனிதர்கள் 6.

நோட்டுப் புத்தகம்

மறுபடி நகரத்துக்கு வந்து, ஹைகோர்ட் ஜெட்டியில் வாட்டர் மெட்ரோ ஏறி வைப்பின் தீவுக்குப் போனோம். 2023-ல் ஓடத் தொடங்கிய ஏ.சி. படகு. அங்கிருந்து ஆட்டோவில் உள்ளே தள்ளி ஒரு ஷாப்பு. டூரிஸ்ட் யாரும் வராத கடை. மனைவி வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். திரைச்சீலை போடக்கூட அங்கே இடமில்லை.

உள்ளே ஒரு குண்டு பல்பு. நாலு பேர், நாலு மூலை. யாரும் யாரோடும் பேசவில்லை. தொட்டுக்கொள்ள அவித்த முட்டையும் ஊறுகாயும் மட்டும். அடுப்பு அணைந்து கிடந்தது. சமைக்க வந்த அம்மா நின்றுவிட்டாராம், வேறு ஆள் கிடைக்கவில்லையாம்.

கல்லாவில் நீளமான பற்று நோட்டு. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து வந்து, தானே அதைப் புரட்டித் தன் பக்கத்தை எடுத்தார். மேலிருந்து கீழே ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்தார். மூடிவைத்தார். இன்னொரு பாட்டில் கேட்டார். கடைக்காரர் கொடுத்துவிட்டு நோட்டைத் திறந்து எழுதினார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கள்ளு இயற்கையானது, உடம்புக்கு நல்லது என்று நம் ஊரில் மேடை போட்டுப் பேசுகிறார்கள். அந்த நோட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். கள்ளிலும் இருப்பது ஆல்கஹால்தான். கூலி கரைவதற்குப் பாட்டிலின் மேல் என்ன லேபிள் என்பது முக்கியமில்லை. மரம் ஏறுவதைக் குலத்தொழிலாகக் கொண்ட ஈழவ சமூகத்தில் பிறந்த நாராயண குருவே, மதுவை உண்டாக்காதீர்கள், கொடுக்காதீர்கள், குடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தன் மக்களின் அடுப்பு எரிவதே அந்தத் தொழிலால்தான் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னார்.

கேரளமும் இந்த விஷயத்தில் நிறையவே தடுமாறியிருக்கிறது. 1996-ல் சாராயத்தைத் தடைசெய்தது. 2014-ல் ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்களைத் தவிர மற்ற பார்களை மூடும் கொள்கையை எடுத்தது. 2016-ல் வந்த அரசு 2017-ல் அதைத் தளர்த்தியது. குடிக்கும் வயதை 21-லிருந்து 23 ஆக உயர்த்தியதும் அப்போதுதான். இத்தனை திறப்புக்கும் மூடலுக்கும் நடுவில் கள்ளு ஷாப்பு மட்டும் அப்படியே இருந்தது.

மார்க்: வெளிச்சம் 2, கை கழுவும் இடம் 2, சாப்பாடு 1. மனிதர்களுக்கு மார்க் போட மனம் வரவில்லை.

போதும் என்று சொல்கிற கடை

“போதும், ரூமுக்குப் போலாம்” என்றார் மனைவி. ஆட்டோக்காரர்தான் கெடுத்தார். வைட்டிலா பக்கம் ஒரு சந்தில் சின்ன ஷாப்பு இருக்கிறது, அங்கே தாறாவுக் கறி (வாத்துக் கறிதான்) பிரமாதம் என்று தூண்டில் போட்டார். மாட்டிக்கொண்டோம்.

ஓட்டுக் கூரை, ஆறு டேபிள், ட்யூப் லைட். திரைச்சீலை கிடையாது. அடுக்களை கல்லாவுக்கு நேர் பின்னால், கதவு இல்லாமல் திறந்து கிடக்கிறது. சமைப்பவர் அங்கிருந்தே கடை முழுக்கப் பார்க்கலாம். சமைப்பவர் ஒரு சேச்சி. ஐம்பது வயதிருக்கும். யார் வந்தாலும் கரண்டியோடு எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்.

என் மனைவியைப் பார்த்ததும் அவர் முதலில் சொன்னது, “அந்த ஃபேன் கீழே உட்காருங்க, அங்கேதான் காத்து வரும்.” மலையாளம்தான். ஆனால் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகவில்லை.

வாத்துக் கறியில் மிளகும் தேங்காய்ப்பாலும். ஆட்டோக்காரர் பொய் சொல்லவில்லை.

பக்கத்து டேபிளில் சட்டையெல்லாம் பெயின்ட் தெறித்த ஒருவர். இரண்டு பாட்டில் முடித்துவிட்டு மூன்றாவதுக்குக் கை தூக்கினார். பையன் எடுக்கப் போனான். அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“மதி சேட்டா!”

மதி என்றால் மலையாளத்தில் போதும். பெயின்டர் ஏதோ முனகினார். சேச்சி வெளியே வரவே இல்லை. பாட்டிலுக்குப் பதிலாக ஒரு தட்டு கப்பையும் மீன் கறியும் வந்தது. அவர் தட்டை முறைத்தார். அப்புறம் சாப்பிட ஆரம்பித்தார். கிளம்பும்போது சேச்சி ஒரு பார்சலைக் கையில் கொடுத்து, வீட்டுக்கு என்றார். அவர் மனைவியும் சேச்சியும் ஒரே பள்ளியில் படித்தவர்களாம். கடைப் பையன் சொன்னான்.

நஷ்டம்தானே என்று சேச்சியிடம் கேட்டேன். “ஒரு பாட்டில் போனா போகட்டும். அவர் நாளைக்கும் வேலைக்குப் போகணும், நாளைக்கும் இங்க வரணும்” என்றார். அதில் வியாபாரமும் இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது. எது எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

பொள்ளாச்சிக்காரர்

கேன்களோடு ஒரு வண்டி வந்து நின்றது. கொச்சியில் குடிக்கும் கள்ளெல்லாம் கொச்சி மரத்தில் இறங்கியது என்று நினைத்துவிடாதீர்கள். பாலக்காடு மாவட்டத்தில், நம் எல்லையை ஒட்டிய சித்தூர் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலிருந்துதான் பல மாவட்டங்களுக்கும் பெர்மிட் வண்டிகளில் கள்ளு போகிறது.

எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு டிரைவர் சிரித்தார். “நம்மூருங்களா?”

பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமமாம். இருபது வருஷம் சித்தூரில் மரம் ஏறியிருக்கிறார். முழங்கால் தேய்ந்த பிறகு ஸ்டியரிங்.

“எங்கூர்ல கள்ளெறக்கினா கேஸுங்க. எல்லை தாண்டிப் போயி ஏறுனா சம்பளம், பி.எஃப்., பென்ஷனுங்க. ரெண்டு பக்கமும் அதே தென்னைதானுங்க” என்றார்.

அவர் சொன்னது கணக்காகச் சரி. கள்ளுத் தொழிலாளர்களுக்கான நலநிதிச் சட்டத்தைக் கேரளம் 1969-லேயே கொண்டுவந்துவிட்டது. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987-லிருந்து தடை. 2003-லிருந்து மதுபானச் சில்லறை விற்பனையை அரசே நடத்துகிறது. கள்ளு போனது, குடி போகவில்லை.

“பையன் மரம் ஏறுறானாங்க?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. கோயமுத்தூர்ல கம்பெனி வேலைங்க. நானும் ஏறச் சொல்லிக் கூப்பிடலைங்க. வழுக்கி விழுந்தவங்களை நான் பார்த்திருக்கேனுங்க.”

கேன்களை இறக்கிவிட்டுச் சேச்சி கொடுத்த சுலைமானியைக் குடித்துவிட்டுப் போனார். டிரைவர் சீட்டில் உட்காருபவர் கள்ளைத் தொடக் கூடாது என்பது அவர் விதி. மரம் ஏற ஆள் குறைந்துகொண்டே வருகிறது. நல்ல கள்ளு தட்டுப்பட்டால் கலப்படத்துக்கு வழி பிறக்கிறது. இப்போது பல ஷாப்புகள் உயிரோடு இருப்பதே கறியின் புண்ணியத்தில்தான்.

மார்க்: வெளிச்சம் 9, கை கழுவும் இடம் 7, சாப்பாடு 9, மனிதர்கள் 10.

தமிழ்நாட்டில் கள்ளுக்கடை திறக்கலாமா கூடாதா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்லவும் இல்லை. ஒரே நாளில், ஒரே ஊரில், ஒரே கள்ளை விற்ற மூன்று கடைகளைப் பார்த்தேன். ஒன்றில் திரைச்சீலை, ஒன்றில் நோட்டு, ஒன்றில் திறந்த அடுக்களை. குடிக்கிற இடம் என்று ஒன்று இருந்தே தீரும் என்றால், அங்கே வெளிச்சம் வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், வருகிறவரின் வீட்டை அறிந்த ஒருவர் போதும் என்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பார் நடத்துபவர்கள் இதில் முதல் இரண்டையாவது நாளைக்கே செய்யலாம். அதற்கு எந்தச் சட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

சேச்சியிடம் மனைவி மீன் கறிக்குப் பக்குவம் கேட்டு வாங்கி வந்தார். குடம்புளியும் ஒரு பொட்டலம். திங்கட்கிழமை வைத்த கறி, சேச்சி சொன்னபடியே செவ்வாய்க்கிழமை காலையில்தான் ருசித்தது. ஐந்தாவது தோசைக்குக் கை நீட்டினேன்.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. “மதி சேட்டா!”