எங்கள் போனைத் திறக்கும் கை

வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது 2022 டிசம்பரில் வெளியே தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடியின் குற்றப்பத்திரிகை பற்றிய செய்தி வந்தது. குற்றம் சாட்டப்பட்ட மூவரும் அந்தத் தண்ணீரைக் குடித்த அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். செல்போனில் கிடைத்த படங்களும் பேச்சுகளும் சான்று என்றார்கள். நீதிமன்றம் அவற்றை விசாரிப்பதற்கு முன்பே தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும் விசாரித்து முடித்துவிட்டன. தாயும் மகனும் பேசிக்கொண்டதுகூட ஊர் ஊராகச் சுற்றியது.

அந்த வழக்கில் யார் குற்றவாளி என்று இங்கே நாங்கள் தீர்ப்பு எழுதப் போவதில்லை. எங்களுக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. புகார் கொடுத்த தெருவின் போன்கள் எப்படித் திறக்கப்பட்டன? உள்ளே இருந்தவை எந்தக் கையால் வெளியே போயின? அப்படி வெளியிட்டவர் மீது யாராவது ஒரு விசாரணை நடத்தினார்களா?

குறியாக்கம் பற்றிய விவாதத்தை நாங்கள் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறோம். ஆங்கிலத் தொலைக்காட்சிகளில் அது பெரிய நிறுவனத்துக்கும் ஒன்றிய அரசுக்கும் நடக்கும் சண்டையாகத் தெரிகிறது. 2016இலிருந்து வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் செய்தி, அனுப்புகிறவர் போனில் பூட்டப்பட்டு, வாங்குகிறவர் போனில்தான் திறக்கிறது. நடுவில் இருக்கும் நிறுவனமே படிக்க முடியாது. இதற்கு அரசு ஒரு வழி கேட்கிறது. 2021இல் கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில், விதி 4(2), ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கேட்டால் நிறுவனம் சொல்ல வேண்டும் என்கிறது. முடியாது என்று வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போக வேண்டியிருக்கும் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் சொன்னார். இந்த யோசனைக்கு நம் சென்னையிலும் ஒரு வேர் உண்டு. சமூக வலைத்தளக் கணக்கோடு ஆதாரை இணைக்கக் கேட்டு 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த மனுக்களில், அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடேயே ஒட்டி அனுப்பலாம் என்று 2019இல் யோசனை சொன்னவர் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி.

நம் தோழர்களிலேயே சிலர் இதை ஆதரிக்கிறார்கள். "சாதி வெறியைத் தூண்டுற ஆடியோவைப் போட்டுட்டு ஒளிஞ்சுக்குறானே, அவனைப் பிடிக்க வேணாமா?" என்று போன மாதம் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். 2019 ஏப்ரலில் பொன்னமராவதியில் ஒரே ஒரு ஆடியோ ஒரு சமூகத்துப் பெண்களை இழிவுபடுத்தி, ஊரையே கலவரத்தில் தள்ளியதை நாம் பார்த்தோம். நம் பெண்களைப் பற்றி வரும் ஆடியோக்கள் எத்தனை என்று கணக்கு வைக்கவே முடியாது.

அதனால் அந்த விதியை வரி வரியாகப் படித்தோம். எந்தக் குற்றங்களுக்காக முதலில் அனுப்பியவரைத் தேடலாம் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. நாட்டின் இறையாண்மை, அரசின் பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு, பாலியல் வன்புணர்வு, ஆபாசப் படங்கள், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்கள். தண்டனையும் ஐந்து ஆண்டுக்குக் குறையாததாக இருக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அந்தப் பட்டியலில் பெயராகக்கூட இல்லை. சாதி பெயர் சொல்லித் திட்டுவதற்கும், நம் மீது வெறுப்பைப் பரப்புவதற்கும் அந்தச் சட்டத்தின் பிரிவு 3(1) தரும் தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை. ஆகவே அந்த அண்ணன் பிடிக்க நினைக்கிற ஆள் இந்த வலையில் விழுவது கடினம். 'பொது ஒழுங்கு' என்ற சொல்லோ நமக்கு நன்றாகப் பழக்கமானது. அம்பேத்கர் சிலைக்கு அனுமதி மறுக்கவும், நம் ஊர்வலத்தை வேறு தெருவுக்குத் திருப்பவும், உண்மை அறியும் குழுவை ஊர் எல்லையிலேயே நிறுத்தவும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொன்று. இழிவான ஒரு வீடியோ நமக்கு வருகிறது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தோ, சேமித்துப் புதிதாக ஏற்றியோ நம் வக்கீலுக்கும் தோழர்களுக்கும் அனுப்புகிறோம். இயந்திரத்தின் கணக்கில் அந்தப் புதிய கோப்பை முதலில் அனுப்பியவர் யார்? நாம்தான்.

சாதி வெறுப்பு ஆடியோ வழக்குகள் எங்கே நிற்கின்றன என்று களத்தில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். குறியாக்கத்தால் நின்ற வழக்கை நாங்கள் பார்த்ததில்லை. ஆடியோ நம் போனில் திறந்தபடியே இருக்கிறது. குரல் யாருடையது என்று ஊருக்கே தெரியும். அனுப்பிய எண் திரையிலேயே இருக்கிறது. அத்தனையும் எடுத்துக்கொண்டு போனால் முதல் தகவல் அறிக்கை போட மாட்டார்கள். ஒரு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கவே இரண்டு நாள் உட்கார வேண்டும். அதற்குள் எதிர்த்தரப்பு கொடுத்த புகாரில் நம் பிள்ளைகள் மீது வழக்கு தயாராகிவிடும். திறந்து கிடக்கும் சான்றையே பார்க்காத துறை, பூட்டியதைத் திறக்கச் சாவி கேட்கிறது.

நாங்கள் வேலை செய்யும் ஒரு கிராமத்தில் சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறோம். கோயில் திருவிழாவில் நம் தெருப் பையன்களைச் சாதி சொல்லி அடித்தார்கள். ஒரு தம்பி அதை வீடியோ எடுத்துவிட்டான். புகாரோடு ஸ்டேஷனுக்குப் போனபோது, "எவிடென்ஸ் இதுலதானே இருக்கு, போனைக் குடு" என்றார்கள். பேட்டர்ன் என்ன என்று கேட்டார்கள். அவன் ஒரு துண்டுச் சீட்டில் வரைந்தே கொடுத்துவிட்டான். மகஜர் இல்லை, ரசீது இல்லை, அந்த வீடியோவை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு போனைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்க அங்கே யாருக்கும் தெரியவில்லை. நாங்களும் கூடப் போகவில்லை. அது எங்கள் தவறு.

நான்காம் நாள் அவன் சித்தப்பாவை டீக்கடையில் ஒருவர் நிறுத்தி, "குரூப்புல என்னமோ பெருசா பேசுனியாமே" என்றார். தெருப் பையன்களின் குரூப்பில் அவர் போட்டிருந்த வார்த்தையை அப்படியே சொன்னார். அந்த போனில் இன்னொன்றும் இருந்தது. தம்பி ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தான், வேறு சாதிப் பெண். அடுத்த வாரமே அவளை வெளியூரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்டேஷனிலிருந்துதான் செய்தி போனது என்று எங்களால் நிரூபிக்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் இப்படி ஒரு செய்தி எங்கே கொண்டுபோய்விடும் என்று இதைப் படிப்பவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. சாதி மறுத்துக் காதலிப்பவர்களுக்குப் பாதுகாப்பு இல்லம், மாவட்டம்தோறும் தனிப்பிரிவு, உதவி எண் எல்லாம் வேண்டும் என்று 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருவர் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்கு முதல் பாதுகாப்பு.

இந்த வழக்கில் வாட்ஸ்அப்பின் குறியாக்கம் உடையவே இல்லை. போனைக் கையில் வாங்கினார்கள், அவ்வளவுதான். சட்டம் இதற்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 94, டிஜிட்டல் சான்று இருக்கக்கூடிய கருவிகளைக் கொண்டுவரும்படி எழுத்தில் உத்தரவிட நிலையப் பொறுப்பு அதிகாரிக்கே அதிகாரம் தருகிறது. நீதிபதியிடம் போக வேண்டியதில்லை. சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் பிரிவு 105 சொல்கிறது. எங்கள் தம்பி தன் கையாலேயே எடுத்துக் கொடுத்ததால் அதுவும் இல்லாமல் போயிற்று.

மேலே போனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 69. ஒட்டுக்கேட்கவும், குறியாக்கத்தைத் திறக்கவும் உத்தரவிடலாம். உதவ மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. 2018 டிசம்பரில் ஒன்றிய உள்துறை 10 அமைப்புகளுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது. உத்தரவு போடுவது உள்துறைச் செயலாளர், சரிபார்ப்பது அமைச்சரவைச் செயலாளரோ தலைமைச் செயலாளரோ தலைமை ஏற்கும் குழு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடும் அந்தக் குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று 2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவே எழுதியது. யார் பார்த்திருப்பார்கள்? வருமான வரிச் சட்டம் 2025இன் பிரிவு 247, சோதனைக்கு வரும் அதிகாரி கணினியின் கடவுச்சொல்லைத் தாண்டி உள்ளே போகலாம் என்கிறது. வருமான வரி கட்டும் அளவுக்கு நம் தெருவில் வருமானம் இல்லை என்பது வேறு விஷயம்.

'தவறு செய்யாதவனுக்கு என்ன பயம்' என்பவர்களுக்கு பீமா கோரேகான் வழக்கைத்தான் நாங்கள் காட்டுவோம். மகர் வீரர்கள் போரிட்ட 1818 போரின் 200ஆம் ஆண்டு நினைவுக்காக 2018 ஜனவரி 1 அன்று கூடிய தலித்துகள் மீது கல் விழுந்தது. ஆனால் வழக்கின் கவனம் எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், செயற்பாட்டாளர்கள் பக்கம் திரும்பியது. கைப்பற்றிய கணினிகளில் இருந்த கடிதங்கள்தாம் முக்கியச் சான்று. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம், ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் நெட்வயர் என்ற உளவு மென்பொருள் வழியாக யாரோ அந்தக் கடிதங்களை வைத்திருக்கிறார்கள் என்று அறிக்கை தந்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்த ஸ்டேன் சுவாமியின் கணினியிலும் அப்படியே நடந்திருக்கிறது என்று 2022 டிசம்பரில் சொன்னது. அவர் இறந்து அப்போது ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. என்.ஐ.ஏ. இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. ஆனந்த் டெல்டும்டே சரணடைந்த நாள் 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாள். ஜாமீனில் வெளியே வந்தது 2022 நவம்பர் 26, அரசமைப்புச் சட்ட நாள். தேதிகள் தற்செயலாகத்தான் அமைந்தன. ஆனாலும் வலிக்கிறது.

ஒரு கருவிக்குள் நுழைய வழி இருந்தால், அங்கிருந்து எடுக்கவும் முடியும், அங்கே வைக்கவும் முடியும். இதற்காகத்தான் கைப்பற்றும் நேரத்திலேயே ஹேஷ் மதிப்பு எடுக்க வேண்டும் என்கிறோம். அது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும்.

கைரேகை என்றதும் இன்னொரு நினைவு. 1871இன் குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் உட்படப் பல சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிந்து, ரேகை எடுத்து, ஸ்டேஷனில் ஆஜராகச் சொன்னார்கள். பதிவேட்டுக்குள் நம்மைக் கொண்டுவருவதுதான் அரசுக்கு எப்போதும் முதல் வேலை. 2022இன் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி எடுக்கும் அளவீடுகள் 75 ஆண்டு பாதுகாப்பில் இருக்கும். திருட்டு நடந்தால் இன்றைக்கும் குறவர், இருளர் குடியிருப்புக்குத்தான் முதலில் ஜீப் வருகிறது. சட்டம் எல்லோருக்கும் பொது என்றாலும், அந்தப் பதிவேட்டில் யார் பெயர் அதிகம் ஏறும்?

ஆகவே எங்கள் நிலைப்பாட்டை ஒளிவில்லாமல் சொல்கிறோம். குறியாக்கத்தில் துளை போடும் விதி எதையும் நாங்கள் ஆதரிக்கவில்லை, சாதி வெறியனைப் பிடிக்க என்று சொன்னாலும்கூட. நீதிபதியின் உத்தரவு இல்லாமல் போனைக் கைப்பற்றவோ, பூட்டைத் திறக்கச் சொல்லவோ கூடாது. மனதில் இருப்பதைக் கட்டாயப்படுத்தி வெளியே எடுக்க முடியாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை, மனதில் இருக்கும் பேட்டர்னுக்கும் நீட்டிக்க வேண்டும். புகார் கொடுத்தவரின் போன் என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 15ஏ பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு தருகிறது. அந்தப் பாதுகாப்பு போனுக்குள்ளும் வர வேண்டும் என்று ஒரு ரிட் மனுவுக்கான வேலையை வழக்கறிஞர் தோழர்களோடு தொடங்கியிருக்கிறோம்.

அதுவரை, வீடியோ எடுத்தால் உடனே ஒரு நகலை வேறு இடத்தில் வையுங்கள். தனியாக ஸ்டேஷன் போகாதீர்கள். போனைக் கேட்டால் எழுத்தில் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். பேட்டர்னை வரைந்து கொடுக்காதீர்கள். பாதிக்கப்பட்ட பெண்களின் படத்தையும் பெயரையும் குரூப்பில் போடாதீர்கள். குறியாக்கம் இருந்தாலும் அந்த குரூப்பில் 200 பேர் இருக்கிறார்கள்.

தம்பியின் போன் இன்னும் வரவில்லை. தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது என்கிறார்கள். மாதத் தவணை அவன் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான், இன்னும் மூன்று பாக்கி.