மலிவு விமானம் யாருக்கு மலிவு?

விடுமுறை நெருங்கிவிட்டால் நம் தில்லி விடுதியில் ஒரே பேச்சுத்தான். "டிக்கெட் என்ன விலைக்குக் கிடைத்தது?" என்பதே அது. 3,900 ரூபாய்க்குச் சென்னைக்கு விமானச் சீட்டு வாங்கியவன் வெற்றி வீரனைப் போல் உலவுகிறான். இரண்டு இரவும் ஒரு பகலும் ரயிலில் போகிறேன் என்பவனைக் கண்டு இரக்கப்படுகிறான்.

சென்ற பொங்கலுக்கு நானும் அந்த வீரர் கூட்டத்தில் ஒருவன். அந்தப் பயணத்தின் கணக்கை மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்று மாதம் முன்பே வாங்கிய சீட்டு 3,900. பதிவுக் கட்டணம் 350. சன்னலோர இருக்கைக்கு 300. விடியுமுன் புறப்படும் விமானம். அந்நேரத்தில் மெட்ரோ ஏது? வாடகைக் கார் 700. நிலையத்தில் தேநீரும் தின்பண்டமும் 200. அம்மாவுக்குக் கம்பளியும் தம்பிக்குப் புத்தகங்களும் எடுத்துச் சென்றதில் 15 கிலோ 19 ஆயிற்று. மிகுந்த 4 கிலோவுக்கு 2,000. ஆக மொத்தம் 7,450 ரூபாய்!

நேரமாவது மிஞ்சியதா? தில்லியின் தைப் பனி விமானத்தை ஐந்து மணி நேரம் தரையில் நிறுத்திற்று. சென்னையில் இறங்கிக் கிளாம்பாக்கம் சென்று, பேருந்து பிடித்து, பரனூர் சுங்கச்சாவடி நெரிசலில் நகர்ந்து நகர்ந்து விருத்தாசலத்தில் வீட்டுக் கதவைத் தட்டியபோது, விடுதியை விட்டுப் பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் படுக்கை வசதியுடன் சென்னைக்கு ஆயிரம் ரூபாயும் ஆகாது. 40 கிலோ வரை மூட்டைக்குத் தனிக் கட்டணமும் இல்லை.

இதற்காக விமான நிறுவனங்களைத் திட்ட நான் வரவில்லை. சோற்றுக்கு ஒரு விலை, குழம்புக்கு ஒரு விலை, இலைக்கு ஒரு விலை என்று விற்கும் சாப்பாட்டுக் கடை போன்றது அவர்கள் வாணிபம். பெரும்பாலும் ஒரே வகை விமானத்தை வைத்துக்கொண்டு, இறங்கிய அரை மணியில் மீண்டும் ஏற்றிப் பறக்கவிட்டுச் செலவைக் குறைக்கிறார்கள். 2003இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கிச் சில சீட்டுகளை ஒரு ரூபாய்க்கே விற்றபோதுதான், விமானத்தை அண்ணாந்து பார்த்து மட்டுமே பழகியவர்களில் பலர் அதில் ஏறினார்கள். அது பெரிய காரியம். ஆனால் மலிவாக விற்றுப் பிழைப்பது விற்பவருக்கும் எளிதன்று. அந்த ஏர் டெக்கான் கைமாறிப் பெயர் மறைந்தது. 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியபோது சீட்டு வாங்கியிருந்தவர்கள் தவித்தார்கள்.

ஆயினும் விமானத்தின் உண்மையான மதிப்பை நான் அறிந்தது ஆடி மாதத்து இரவொன்றில்.

பத்து மணிக்குச் சித்தப்பாவின் அழைப்பு வந்தது. "பாட்டி உன் பேரையே சொல்லிக்கிட்டு இருக்காங்கப்பா. வர முடியுமா?" மறுநாள் காலை விமானத்துக்குச் சீட்டு விலை பார்த்தேன்: 12,400 ரூபாய். அதே விமானம், அதே தூரம்! என்னிடம் இருந்ததோ இரண்டாயிரம். அறை அறையாகச் சென்று நண்பர்கள் ஒரு மணி நேரத்தில் மீதியைத் திரட்டினார்கள். மறுநாள் பிற்பகல் பாட்டியின் அருகில் இருந்தேன். என்னை அடையாளம் கண்டு என் கையைப் பற்றிக்கொண்டார். அன்று மாலையே அந்தப் பிடி தளர்ந்தது. ரயிலில் போயிருந்தால் பால் தெளிக்கும் நாளும் கடந்தே போய்ச் சேர்ந்திருப்பேன்.

பொங்கல் பயணத்தின் 7,450 ரூபாயை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது. இந்த 12,400 ரூபாயை நினைத்து ஒரு நாளும் வருந்தியதில்லை.

நண்பர்களே, எண்ணிப் பாருங்கள். மூன்று மாதம் முன்பே நாள் குறிக்க முடிந்தவனுக்கே மலிவு விமானம் மலிவாக இருக்கிறது. துயரம் முன்பதிவு செய்துகொண்டு வருவதில்லை. தவிர்க்க முடியாமல் ஓடுகிறவனிடமே பெரிய விலை கேட்கப்படுகிறது.

ஆகையால் சில யோசனைகள். பண்டிகைக்கு ரயிலில் கூட்டமாகப் போவோம். 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்புதான் பதிவு திறக்கிறது, அன்றைக்கே முந்திக்கொள்வோம். விமானந்தான் என்றால், வாசல் முதல் வாசல் வரை எல்லாச் செலவையும் கூட்டிப் பார்த்து வாங்குவோம். சில நிறுவனங்கள் மாணவர்க்கு 10 கிலோ கூடுதலாக அனுமதிக்கின்றன. பதிவு செய்யும்போதே அச்சலுகையைக் கேட்க வேண்டும். பயணத்தை நிறுத்தினால், கட்டணம் திரும்பாத சீட்டானாலும், வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அதையும் கேட்டு வாங்குவோம்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. நம் சங்கத்தில் அவசரப் பயண நிதி ஒன்று வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நூறு ரூபாய் தந்தால் போதும். நள்ளிரவில் அப்படியோர் அழைப்பு வந்தவன் அறை அறையாகக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. நான் திருப்பிக் கொடுத்தபோது நண்பர்கள் சிலர் வாங்க மறுத்த 1,500 ரூபாய் என்னிடம் இருக்கிறது. அதை முதல் தொகையாகச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.