காட்டேரிக் கோட்டையில் காணாமல் போன பெயர்கள்!

டிராகுலா செத்து விட்டான்!

கோட்டை இடிந்து விழுகிறது. சவுக்கு ஏந்திய வீரன் சைமன் பெல்மான்ட் வென்று விட்டான். விளையாடிய பையனுக்குக் கட்டை விரல் வீங்கி விட்டது. பல நாள் பட்ட பாட்டுக்குப் பரிசாக, டெலிவிஷன் திரையில் பெயர்ப் பட்டியல் வருகிறது.

கதை: விராம் ஸ்டோக்கர். டைரக்ஷன்: டிரான்ஸ் பிஷர்ஸ். இசை: ஜேம்ஸ் பனானா!

பனானா என்றால் வாழைப்பழம். அப்படி ஒரு இசை அமைப்பாளர் கிடையாது. மற்ற இரண்டு பெயர்களும் அப்படித்தான். எல்லாம் கட்டிய பெயர்கள்!

"காசில்வேனியா" என்ற இந்த விடியோ விளையாட்டை ஜப்பான் நாட்டு கொனாமி கம்பெனி 1986-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளியிட்டது. டெலிவிஷனோடு இணைத்து ஆடும் நின்டெண்டோ பெட்டிக்காகச் செய்த ஆட்டம் அது. அடுத்த ஆண்டே அமெரிக்காவுக்கும் போயிற்று.

ஆட்டம் லேசுப்பட்டது அல்ல. கோட்டைக்குள் நுழைந்த வீரன் மெழுகுவர்த்திகளைச் சவுக்கால் அடித்து அணைக்க வேண்டும். அதிலிருந்து இதயங்கள் விழும். அவைதான் கத்தி, கோடரி, புனித நீர் ஆகியவற்றை எறிவதற்கு மூலதனம். சில சுவர்களை உடைத்தால் உள்ளே வறுத்த கறி இருக்கும். அதைத் தின்றால் உடம்பில் பலம் ஏறும். (கோட்டைச் சுவருக்குள் கறியை வைத்தது யார், அது ஏன் கெட்டுப் போகவில்லை என்று யாரும் கேட்பது இல்லை!)

ராட்சத வௌவால், பாம்புத் தலை மெதூசா, துணி சுற்றிய பிணங்கள், பிராங்கன்ஸ்டைன் பூதம், அரிவாள் ஏந்திய எமன் என்று வரிசையாக எதிரிகள். பறந்து வரும் தலை ஒன்று மேலே பட்டால் போதும். வீரன் பின்னால் தூக்கி எறியப்படுவான். பின்னால் பள்ளம் இருந்தால் ஒரு உயிர் போயிற்று. பாதியில் அழுது விட்டு எழுந்து போன பிள்ளைகள் அனேகம்.

இத்தனையும் தாண்டி வந்தவனிடம்தான் "ஜேம்ஸ் பனானா" என்று சொல்கிறார்கள்.

பழைய சினிமா, புதிய கேலி

அந்தப் பெயர்களில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1897-ம் ஆண்டு "டிராகுலா" நாவலை எழுதியவர் பிராம் ஸ்டோக்கர். அவர் இங்கே விராம் ஸ்டோக்கர் ஆகி விட்டார். 1958-ல் வந்த இங்கிலாந்து "டிராகுலா" படத்தின் டைரக்டர் டெரன்ஸ் பிஷர். இசை அமைத்தவர் ஜேம்ஸ் பெர்னார்ட். அந்தப் பெர்னார்ட்தான் பனானா! 1931-ல் பிராங்கன்ஸ்டைன் பூதமாக நடித்த போரிஸ் கார்லாப் இங்கே "போரிஸ் கார்லாபீஸ்".

சிரிப்பு வருகிறது. பழைய பேய்ப் படங்களுக்கு வைத்த வணக்கம் என்றும் சொல்லலாம். ஆனால் சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. உண்மையில் உழைத்தவர்கள் எங்கே?

கல்லூரி முடித்த பெண்

வாழைப்பழத்துக்குப் பின்னால் இருந்தவர் கினுயோ யமஷித்தா என்ற ஜப்பானியப் பெண். 1986-ல் கல்லூரி முடித்து கொனாமியில் வேலைக்குச் சேர்ந்தவர். சதோயே தெரஷிமா என்பவருடன் சேர்ந்து இந்த ஆட்டத்துக்கு இசை அமைத்தார்.

அது சாதாரண வேலை அல்ல. அந்தப் பெட்டிக்கு இருந்தது ஐந்தே குரல்கள். அதில் ஒன்று வெறும் இரைச்சல். சவுக்குச் சத்தத்துக்கும் அதே குரல்களில் ஒன்றைத்தான் கடன் வாங்க வேண்டும். அதை வைத்துக் கொண்டு இவர்கள் அமைத்த மெட்டுகள், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் புதிய ஆட்டங்களில் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றன. மேடைகளில் முழு வாத்திய கோஷ்டியே வாசித்து இருக்கிறது.

ஒரு இளம்பெண்ணின் முதல் வேலை. வீட்டில் பெற்றோருக்குக் காட்ட வேண்டும் என்றால் எதைக் காட்டுவது? "அந்த வாழைப்பழம் நான்தான்" என்றா?

கம்பெனியின் பயம்

ஜப்பானில் அந்த நாளில் பல கம்பெனிகள் இப்படித்தான் செய்தன. கெட்டிக்காரன் பெயர் வெளியே தெரிந்தால், போட்டிக் கம்பெனிக்காரன் அதிகச் சம்பளம் காட்டி இழுத்துக் கொண்டு போய் விடுவான் என்ற பயம்.

பயம் நியாயமாக இருக்கலாம். மருந்து நியாயம் அல்ல. ஆள் போகாமல் இருக்க வேண்டுமானால் சம்பளத்தை உயர்த்தலாம். பெயரைப் பறிப்பது என்ன முறை? சினிமாவில் நாற்காலி போட்டவர் பெயரைக் கூடக் காட்டுகிறார்கள்!

அமெரிக்காவிலும் இந்தக் கூத்து நடந்தது. வாரன் ராபினெட் என்பவர் "அடாரி" கம்பெனிக்காக "அட்வென்சர்" என்ற ஆட்டத்தைத் தன்னந்தனியாகச் செய்தார். 1980-ல் அது வெளிவந்தது. (அதிலும் ஒரு திருட்டு வௌவால் உண்டு.) பத்து லட்சம் பிரதிகள் விற்றன என்றும், தமக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 22 ஆயிரம் டாலர் சம்பளம் மட்டுமே என்றும் அவர் சொல்லி இருக்கிறார். பெட்டியில் அவர் பெயர் இல்லை.

மனிதர் என்ன செய்தார்? யாருக்கும் சொல்லாமல், ஆட்டத்துக்குள் ஒரு ரகசிய அறை கட்டினார். கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளியை எடுத்துக் கொண்டு போனால்தான் அதற்குள் நுழைய முடியும். உள்ளே அவர் பெயர்! கம்பெனிக்குத் தெரிந்தபோது அவர் வேலையை விட்டுப் போய் இருந்தார்.

அதே கம்பெனியில் நான்கு பேர் பெயரும் பங்கும் கேட்டார்கள். கிடைக்கவில்லை. 1979-ல் வெளியேறி "ஆக்டிவிஷன்" என்ற சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். அதில் ஆக்கியவர் பெயரையும் படத்தையும் அச்சிட்டார்கள். பெயரை மறைத்த கம்பெனிதான் ஆட்களை இழந்தது.

பெயர் கொடுத்த சோறு

பெயர் வெறும் பெருமை அல்ல. அது பிழைப்பு.

காசில்வேனியா வரிசையில் 1997-ல் பிளேஸ்டேஷன் பெட்டிக்கு வந்த "சிம்பனி ஆப் தி நைட்" பெரும் புகழ் பெற்றது. அதில் உதவி டைரக்டராக இருந்தவர் கோஜி இகராஷி. பிறகு அந்த வரிசைக்கே தயாரிப்பாளர் ஆனார். ரசிகர்களுக்கு அவர் பெயர் நன்றாகத் தெரியும்.

2014-ல் அவர் கொனாமியை விட்டார். மறு ஆண்டு, "புதிய கோட்டை ஒன்று கட்டப் போகிறேன், உதவுங்கள்" என்று பொது மக்களிடம் கேட்டார். 64 ஆயிரம் பேருக்கு மேல் முன்வந்தார்கள். 55 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது! "பிளட்ஸ்டெயின்ட்" என்ற அந்த ஆட்டம் 2019-ல் வெளிவந்தது.

"ஜேம்ஸ் பனானா உதவி கேட்கிறார்" என்றால் எத்தனை பேர் காசு கொடுத்து இருப்பார்கள்?

அதே 2019-ல் கொனாமியும் தன் பழைய காட்டேரி ஆட்டங்களைத் தொகுத்து மறுபடி விற்பனைக்கு விட்டது. முதல் ஆட்டத்தை அப்படியே போட்டார்கள். கோட்டை இடிகிறது. திரையில் மறுபடியும் பனானா!

பழைய ஆட்டத்தைத் திருத்த வேண்டாம். கேலிப் பெயர்களும் இருந்து விட்டுப் போகட்டும். ரசிகர்களுக்கு அதில் ஒரு பிரியம் உண்டு. அடுத்த முறை விற்கும்போது, அந்தப் பட்டியல் முடிந்ததும் இன்னும் ஒரே ஒரு திரை சேர்த்தால் போதும். அதில் யமஷித்தா என்றும், தெரஷிமா என்றும், படம் வரைந்தவர், கணக்குப் போட்டவர் அத்தனை பேரின் சொந்தப் பெயரும் வர வேண்டும். கம்பெனிக்கு இதில் ஒரு காசு நஷ்டம் இல்லை.