காட்டேரி வேண்டாம், வேதாளம் போதும்

மேடைத் தமிழில் சில சொற்கள் செத்த பிறகும் உலவிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று 'இரத்தம் உறிஞ்சும்' என்ற அடைமொழி. தொழிலாளரைப் பற்றிப் பேச வருகிற எவரும் இதை விடுவதில்லை. திருப்பூர்ப் பக்கம் கேட்கவே வேண்டாம். பனியன் கம்பெனிக்காரர் இரத்தம் உறிஞ்சுகிறார், நூல் மில்காரர் உறிஞ்சுகிறார், ஆள் பிடிக்கிற புரோக்கர் உறிஞ்சுகிறார். கைதட்டல் கிடைக்கிறது, கூட்டம் கலைகிறது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு, உறிஞ்சப்பட்டவர்கள் எல்லாம் சோற்றுத் தூக்கோடு கம்பெனிக்குள் நுழைகிறார்கள்.

இந்தச் சொல்லின் மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு. மிகையாகச் சொல்கிறார்கள் என்பதல்ல என் கட்சி. அது குற்றவாளியைத் தப்பவிடுகிற சொல் என்பதே என் கட்சி.

இந்த உருவத்தின் வம்சாவளியைக் கொஞ்சம் பாருங்கள். நம்மூர்க் காட்டேரிக்கு இதில் அதிகப் பங்கில்லை. அவள் பாவம், இருட்டில் வழிமறிப்பவள். படையல் போட்டால் போய்விடுவாள். சில ஊர்களில் காட்டேரியம்மன் என்று கும்பிடவும் செய்கிறார்கள். இப்போது நம் மனத்தில் பல்லைக் காட்டுகிறவன் சீமைச் சரக்கு. 1819-ல் பாலிடோரி என்ற வைத்தியர் எழுதிய கதையில் அவன் ஒரு பிரபு. 1872-ல் லெ ஃபானு எழுதிய 'கார்மில்லா'வில் சீமாட்டி. 1897-ல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில் கோட்டையில் வாழும் கோமான். பிறகு சினிமா பிடித்துக்கொண்டது: 1922-ல் 'நோஸ்ஃபெராட்டு', 1931-ல் பேலா லுகோஸி, 1958-ல் கிறிஸ்டோபர் லீ. கோரைப்பல்லும் கறுப்புப் போர்வையும் உலகப் பொதுச்சொத்தாகிவிட்டன.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: இவர்களைக் கண்டால் நமக்கு இவர்களோடு ஒரு சம்பந்தமும் இல்லை என்று தோன்றும். வேற்றூர்க்காரன், பகலில் படுத்து இரவில் எழுகிறவன், பூண்டுக்குப் பயப்படுகிறவன். இப்படிப்பட்டவனை ஒழிப்பதும் சுலபம். ஸ்டோக்கரின் நாவலில் ஒரு கூர்க்காக் கத்தியும் ஓர் அமெரிக்கக் கத்தியும் அவன்மேல் பாய்கின்றன, அவன் புழுதியாகிறான், கதை முடிகிறது. நானும் கதை எழுதிப் பிழைக்கிறவன்தான். தொழில் இரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன்: வில்லன் ஒருவன் கிடைத்துவிட்டால் ஆசிரியனுக்குப் பாதி யோசனை மிச்சம். வாசகனுக்கோ முழு யோசனையும் மிச்சம்.

"காரல் மார்க்ஸே முதலை இரத்தம் குடிக்கும் பேய்க்கு ஒப்பிட்டிருக்கிறாரே!" என்று நண்பர்கள் கேட்பார்கள். வாஸ்தவம். 1867-ல் வெளிவந்த 'மூலதன'த்தில், வேலை நாளைப் பற்றிய அத்தியாயத்தில் அந்த உவமை வருகிறது. ஆனால் அதே அத்தியாயத்தில் வேறென்ன வருகிறது என்பதையும் பார்க்க வேண்டாமா? தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகள் வருகின்றன. எந்த ஆலையில் எத்தனை மணி நேரம், சாப்பாட்டு வேளையில் எத்தனை நிமிஷம் திருடப்பட்டது என்ற கணக்கு பக்கம் பக்கமாக வருகிறது. அவர் கணக்கெழுதி, அதன்மேல் ஒரு பல்லை வைத்தார். நம்மவர்கள் பல்லை வைத்துக்கொண்டு கணக்கைத் தூரப் போட்டுவிட்டார்கள்.

திருப்பூரில் கணக்கு எப்படி என்று பார்ப்போம். அங்கே எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட். 'இன்றைக்கு எத்தனை ஷிப்ட்?' என்றுதான் தொழிலாளிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த அரை ஷிப்ட் இல்லாமல் வீட்டு வாடகை கொடுத்து மீள முடியாது. ஆகவே அதைக் கேட்டு வாங்குகிறவன் தொழிலாளியே. கழுத்தை நீட்டுகிறவனும் அவனே என்றால், கடித்தவன் யார்?

நூல் மில்களின் கதை இன்னும் மோசம். தென் மாவட்டங்களின் ஏழை வீடுகளுக்குப் புரோக்கர் வருவார். பெண்ணை மூன்று வருஷம் மில்லுக்கு அனுப்பினால், ஹாஸ்டலும் சாப்பாடும் போக, முடிவில் 30,000 அல்லது 50,000 ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும். கல்யாணத்துக்கு ஆகும் என்பார். திட்டத்தின் பெயர் 'சுமங்கலி'. 1961-ல் சட்டம் தடை செய்த வரதட்சணைக்காக, மூன்று வருஷம் வாசல் தாண்டாமல் பஞ்சுத் தூசியில் ஒரு பெண் நிற்க வேண்டும். நடுவில் உடம்பு முடியாமல் திரும்பினால் அந்த மொத்தத் தொகை கைக்கு வராமல் போகும். டிராகுலாவுக்கு ஒரு நியதி உண்டு: வீட்டார் ஒருவர் அழைக்காமல் முதல் தடவை வாசற்படி தாண்ட முடியாது. புரோக்கரும் அப்படித்தான். காப்பி கொடுத்து, பாய் போட்டு, உள்ளே அழைத்தவர் அப்பா.

இரத்தத்தைப் பற்றியே பேச வேண்டுமானால் உவமை எதற்கு? 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் நிருபர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களை விசாரித்தார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னவர்களுக்கு லீவு கொடுக்கவில்லை. என்ன மருந்து என்று பெயர்கூட எழுதாத மாத்திரையைக் கொடுத்து மெஷினில் உட்கார வைத்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உடம்பு கெட்டது என்றார்கள். மாத்திரை கொடுத்த கைக்கு நகம் நீளவில்லை. கொடுத்தவர் சூப்பர்வைசர், அவருக்கும் மேலே ஒருவர் கெடு வைத்திருக்கிறார். அவருக்கும் மேலே, கடல் கடந்த கடையொன்றில், ஒரு சட்டை இன்ன விலைக்குமேல் போகக் கூடாது என்று ஒருவர் தீர்மானித்திருக்கிறார். அதைவிட மலிவாகக் கிடைக்குமா என்று தேடுகிறவர்கள் நீங்களும் நானும்.

இத்தனை பேரில் யார் காட்டேரி? ஒருவரும் இல்லை. அதுதான் அந்தச் சொல்லால் வரும் ஆபத்து. "நானா இரத்தம் உறிஞ்சுகிறேன்? மூன்று வேளை சோறு போடுகிறேன், பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறேன்" என்று முதலாளி கேட்டால், மேடைப் பேச்சாளரிடம் பதில் இல்லை. கோரைப்பல் இருக்கிறதா என்று தேடினால் அத்தனை பேரும் விடுதலையாகிப் போய்விடுவார்கள்.

நம்மிடம் வேறொரு ஆள் இருக்கிறான். 1870-ல் ரிச்சர்டு பர்ட்டன் என்ற துரை நம் வேதாளக் கதைகளை இங்கிலீஷில் எழுதினார். புத்தகத்துக்கு 'விக்ரமும் வாம்பயரும்' என்ற பொருளில் பெயர் வைத்தார். நம் வேதாளத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. பிணத்துக்குள் குடியிருப்பது ஒன்றுதான் இருவருக்கும் பொருத்தம். விக்கிரமாதித்தன் தோளில் ஏறுகிற வேதாளம் அவன் கழுத்தைக் கடிப்பதில்லை; கதை சொல்கிறது, கேள்வி கேட்கிறது. 'இதில் குற்றம் யாருடையது? பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் உன் தலை சுக்குநூறாகும்' என்கிறது. 'அம்புலிமாமா'வில் அந்த ராஜாவையும் தோளில் தொங்கும் பிணத்தையும் வரைந்த சங்கர், 1924-ல் தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் பிறந்தவர், 2020-ல் காலமானார். அவர் பிறந்த மண் இன்று திருப்பூர் மாவட்டம். வேதாளத்துக்கு அந்த ஊரில் உரிமை உண்டு என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெறும் கேள்வி என்ன சாதிக்கும் என்று கேட்காதீர்கள். நொய்யலைப் பாருங்கள். சாயப்பட்டறைத் தண்ணீர் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையானபோது, 'எமன்', 'அரக்கன்' என்று திட்டினால் தீர்ந்திருக்குமா? நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் கோர்ட்டுக்குப் போய், 'எங்கள் நிலம் கெட்டதற்கு யார் பொறுப்பு? எவ்வளவு தரவேண்டும்?' என்று கேட்டார்கள். 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் லிட்டருக்கு இத்தனை காசு என்று அபராதம் விதித்தது. 2009-ல் உச்சநீதிமன்றமும் கெடுத்தவனே கட்ட வேண்டும் என்றது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. அதனால் ஆறு பளிங்காகிவிட்டதென்று நான் சொல்லவில்லை. பட்டறைக் கூலிகள் பலர் வேலையிழந்ததையும் மறைக்கவில்லை. ஆனால் அத்தனை வருஷ வசைமொழி அசைக்காததை, லிட்டர் கணக்கில் கேட்ட ஒரு கேள்வி அசைத்தது.

ஆகவே மேடையேறும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். காட்டேரியைச் சினிமாக்காரர்களிடம் விட்டுவிடுங்கள்; அவர்களுக்கு அது பிழைப்பு. நீங்கள் கேளுங்கள்: அரை ஷிப்ட் இல்லாமல் ஒரு குடும்பம் ஏன் பிழைக்க முடியவில்லை? அந்த மாத்திரையின் பெயர் என்ன? மூன்று வருஷத்துக் கூலியைப் பிடித்து வைத்துக்கொள்ள அதிகாரம் கொடுத்தது யார்? சட்டையின் விலையில் தைத்தவளுக்கு எவ்வளவு?

பதில் தெரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாயைத் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று வேதாளம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது.