மலைப்பாம்புக்குச் சிறை, பந்துப் பாம்புக்குப் படிவம்

வித்துராவில் ஒரு வீட்டின் கோழிக்கூட்டுக்குள் மலைப்பாம்பு புகுந்துவிட்டால் வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்றே: கேரள வனத்துறை 2020இல் தொடங்கிய 'சர்ப்பா' செயலியின் வழியே தகவல் சொல்லிவிட்டுக் காத்திருப்பது. பயிற்சி பெற்ற ஒருவர் வந்து பாம்பைப் பிடித்துச் சென்று காட்டில் விடுவார். விழுங்கப்பட்ட கோழி போனது போனதுதான். பேப்பாறைச் சரணாலயத்தையும் பொன்முடி மலையையும் அண்டிக் கிடக்கும் அவ்வூரார்க்கு இது புதிதன்று. அந்தப் பாம்பைப் பெட்டியில் அடைத்து வளர்க்க எவரேனும் எண்ணினால் அது குற்றம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்திய மலைப்பாம்பை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. பிடிப்பதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டுவரை நீளக்கூடிய சிறை. 2022 திருத்தத்திற்குப் பின் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

அதே ஊரில் அடுத்த வீட்டுக்காரர் கண்ணாடிப் பெட்டியில் ஒரு 'பால் பைத்தான்' வளர்க்கலாம். அஞ்சும்போது பந்துபோல் சுருண்டுகொள்வதால் இப்பெயர் பெற்ற மேற்கு, நடு ஆப்பிரிக்க மலைப்பாம்பு அது. அவரிடம் அரசு கேட்பது ஒரு படிவம். 2020 ஜூனில் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவுரை, குறித்த காலத்திற்குள் தாமே முன்வந்து அறிவிப்போர் அவ்வுயிரி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டியதில்லை என்றது. 2022 திருத்தம் 49எம் பிரிவைச் சேர்த்தது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகள் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவுசெய்ய ஆறு மாதம் அவகாசம் தந்தன. இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் திருச்சி விமான நிலையத்தில் 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் சிக்கிய 47 மலைப்பாம்புகளும் எந்த உரிமத்தோடு வந்தன? மூலத்தைக் கேளாமல் உடைமையை ஏற்கும் பதிவேடு கடத்தலுக்குப் பின்வாசல் திறந்து வைக்கும் பதிவேடுதான்.

இரண்டு பாம்புகளின் நிலையும் வேறு வேறு, ஆகவே சட்டமும் வேறு என்று சிலர் வாதிடுவர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இவ்விரண்டு இனங்களும் அச்சுறுத்தலை நெருங்கும் வகையிலேயே உள்ளன. வேறுபாடு பாம்பிடம் இல்லை. அதை வைத்திருக்கக்கூடிய மனிதர்களிடம் இருக்கிறது. அகத்தியமலைக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் காணிக்காரர் ஒருவர் மலைப்பாம்பைப் பிடித்தால் அவருக்குத் தாமே முன்வந்து அறிவிக்கும் திட்டம் ஏதும் இல்லை. இச்சட்டத்தின் 65ஆம் பிரிவு நிக்கோபார்த் தீவுகளின் பழங்குடியினருக்கு மட்டுமே வேட்டை உரிமையைக் காக்கிறது. தமிழகத்து இருளர்கள் பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டு வாழ்விழந்தபின், 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து நஞ்செடுக்க உரிமம் பெற்றே மீண்டும் பாம்பைத் தொட முடிந்தது. நகரத்து ஆர்வலருக்கோ உரிமை முன்கூட்டியே மன்னிக்கப்பட்டு வந்து சேர்கிறது. காணிக்காரருக்கும் வேட்டையைத் திறந்துவிடுக என்று இங்கே கோரவில்லை. கண்டிப்பு ஒரு வகுப்பாருக்கும் கனிவு இன்னொரு வகுப்பாருக்கும் பங்கிடப்படுவதே வழக்கு.

வளர்ப்போரின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. பெட்டியின் ஒரு முனையில் 32 பாகை செல்சியசும் மறுமுனையில் 26ம் நிலவச் செய்வது, ஈரப்பதத்தை அளப்பது, உறையவைத்த எலியை உருக்கி வெதுவெதுப்பாக்கித் தருவது, சட்டை உரியும்போது தொடாதிருப்பது ஆகிய அனைத்தையும் அவர்களுள் பலர் ஆய்வகத் துல்லியத்தோடு செய்கின்றனர். சிக்கல் அந்த அறிவு எதற்குப் பணிபுரிகிறது என்பதில். கையில் சுருண்டு கிடக்கும் பாம்பைச் சாது என்கிறார்கள்; சுருளுதல் அவ்வினத்தின் தற்காப்பு. நிறத்துக்காகப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்யப்படும் 'ஸ்பைடர்' வகைப் பாம்புகள் தலை நடுங்கப் பிறக்கின்றன; அந்நிறமும் அந்நரம்புக் குறையும் மரபிலேயே பிணைந்தவை. அழகுக்காக நோயை விலைக்கு வாங்கும் இந்த வழக்கத்தைப் 'பாதுகாப்பு' என்று சொல்ல நாக்கு எப்படித் துணிகிறது என்பது தெரியவில்லை.

பாம்பச்சம் போக்கும் கல்வி இது என்பது மற்றொரு வாதம். பல்கலைக்கழக வளாகங்களில் இதுவே அதிகம் செல்லுபடியாகிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்பது 2020இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. அவர்களுள் பெரும்பாலோர் ஊர்ப்புறத்தார். இந்நாட்டில் கற்க வேண்டியது அச்சமின்மையை அன்று, அடையாளம் காணும் திறனை. தடித்த உடலும் பழுப்புத் திட்டுகளும் கொண்ட கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணிக் கையிலெடுத்துக் கடிபட்டோர் உண்டு. திட்டுகளுள்ள தடித்த பாம்பு தோளில் போட்டுக்கொள்ளத் தக்கது என்று ஒரு சிறுவனுக்குக் கற்பித்துவிட்டு, அவனை வித்துராவின் ரப்பர் தோட்டத்துக்குள் அனுப்புவது எவ்வகைக் கல்வி?

இனி ஆயுள். பந்துப் பாம்பு வீட்டில் 20, 30 ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்ககத்தில் 60 வயது கடந்ததாகக் கணிக்கப்பட்ட ஒன்று 2020இல் முட்டையிட்டது. அதனை 1961இல் விலங்ககத்திடம் ஒப்படைத்தவர் ஒரு தனி வளர்ப்பாளர் என்பது கவனிக்கத்தக்கது. ஆய்வு மாணவர் பட்டம் பெற்று வெளிநாடு செல்வார், வாடகை வீடு மாறும், திருமணம் நடக்கும். அப்போது பெட்டியைத் திறந்து காட்டோரம் விட்டுவிடுதல் எளிய வழி. புளோரிடாவில் அப்படிப் பெருகிய பர்மிய மலைப்பாம்பு எவர்கிளேட்ஸ் சதுப்பில் ராக்கூன்கள் கண்ணில் படுவதை 99 விழுக்காடு குறைத்துவிட்டது என்று 2012இல் பதிவாயிற்று. அதனோடு வந்த நுரையீரல் ஒட்டுண்ணி அங்குள்ள பாம்புகளையும் பற்றியது. பந்துப் பாம்பு அத்துணை பேருருவம் கொண்டதன்று. ஆயினும் நோய் கடத்த உருவம் தேவையில்லை. அடைத்து வளர்க்கப்படும் பந்துப் பாம்புகளிடையே நுரையீரலைத் தாக்கும் வைரசு ஒன்று 2014இல் விவரிக்கப்பட்டது. சங்கப் பாடல்கள் மாசுணம் என்று அறிந்த நம் நாட்டு மலைப்பாம்பு அத்தகைய நோயை எதிர்கொண்டால் என்னாகும் என்று சோதித்துப் பார்ப்பதற்கான இடம் பேப்பாறை ஆகாது.

ஆகவே கேட்க வேண்டியவை இவை. ஏற்கெனவே பதிவான பாம்புகள் அவற்றின் ஆயுள்வரை இருக்கட்டும். புதிய பதிவு எதற்கும் மூல ஆவணம் கட்டாயமாகட்டும். வீடுகளில் இனப்பெருக்கம் நிற்கட்டும். வளர்க்க இயலாதோர் கேள்வியின்றி ஒப்படைக்க மாவட்டந்தோறும் ஓரிடம் இருக்கட்டும். அதன் செலவைப் பதிவுக் கட்டணத்திலிருந்தே எடுக்கட்டும், கோழியை இழந்தவரின் வரியிலிருந்து வேண்டாம்.