கடல் கடந்த நூற்கடன்: மறுப்பார்க்கு மறுப்பு

ஒரு நாட்டு நூலகத்திலுள்ள நூலையேனும் அதன் படியையேனும் மற்றொரு நாட்டு நூலகம் தன் வாசகர் பொருட்டு வேண்டிப் பெறுதலும், நூலாயின் பயன்கொண்டபின் திருப்பி விடுத்தலும் நூற்கடன் எனப்படும். இருபதாம் நூற்றாண்டில் உலகத்தார் கண்ட நல்வழக்குகளுள் இஃதொன்று. இதனைத் தம் வாணிகத்துக்குக் கேடென்று பதிப்பகத்தார் சிலர் மறுக்கின்றனர். இக்காலத்துக்கு வேண்டாததென்று வேறு சிலர் இகழ்கின்றனர். அவர் கூற்றை ஆராய்தல் சைவத்திருமுறையும் ஆகமமும் பயில்வார்க்கு எற்றுக்கென்று நினையற்க. நம் நூல்களின் நிலையும் இதனுள் அடங்கியிருத்தல் பின்னர்ப் புலனாம்.

நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1927-ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் தோன்றியது. அது 1954-ல் நாடுகளுக்கிடையே நூற்கடன் நிகழ்தற்கு நெறிகள் வகுத்து, 1978-ல் அவற்றைப் பெரிதுந் திருத்தியது. ஒவ்வொரு நாடும் தன்கண் வெளிவந்த நூல்களைப் பிறநாட்டார்க்குக் கடனாகவேனும் படியாகவேனும் வழங்குதற்குப் பொறுப்புடையது என்பதே அந்நெறிகளின் உயிர்நிலை. ஒரு கட்டுரையின் விலையினும் அதனை அயல்நாட்டு நாணயத்தில் செலுத்துதற்குரிய வங்கிக் கட்டணம் மிகுதல் கண்டு, 1995-ல் அக்கூட்டமைப்பே ஓர் அட்டைமுறை ஏற்படுத்திற்று. நூல் பெற்றவர் அவ்வட்டையை விடுப்பர். கொடுத்தவர் தாம் பிறிதொரு நாட்டில் வேண்டும்போது அதனையே செலுத்துவர். பணம் கடல் கடவாமல் நூல் மட்டும் கடந்தது.

இவ்வறத்தைப் பேரளவிற் செய்துகாட்டிய நாடு இங்கிலாந்து. யார்க்‌ஷயரில் பாஸ்டன் ஸ்பா என்னும் ஊரின் அருகே, இரண்டாம் உலகப்போரில் குண்டுகளுக்கு வெடிமருந்து நிரப்பிய ஆலையிருந்த நிலத்தில், டொனால்ட் அர்க்கார்ட் என்பவர் முயற்சியால் அறிவியல் தொழில்நுட்பத் தேசியக் கடன் நூலகம் 1962-ல் திறக்கப்பெற்றது. வாசகர் வருகையை நோக்கியிராது, அஞ்சலிற் கேட்டார்க்கு அஞ்சலில் விடுத்தலையே அது முதற்றொழிலாகக் கொண்டது. 1973-ல் பிரிட்டிஷ் நூலகத்தோடு இணைந்தபின்னர் உலகெங்குமுள்ள கல்லூரிகள் தம்பால் இல்லாத கட்டுரைக்கு முதற்கண் நாடுமிடம் அதுவாயிற்று. பதிப்புரிமைச் சட்டம் நூலகங்களுக்கு அளித்த விதிவிலக்கே இக்கொடைக்கு அடிப்படை. தனி ஆராய்ச்சிக்கென்று எழுதிக் கையொப்பமிட்ட ஒருவர்க்கு, இதழொன்றின் ஒரே வெளியீட்டினின்று ஒரு கட்டுரை மட்டும் படியெடுத்துக் கொடுக்கலாம் என்பது அவ்விதிவிலக்கு.

பதிப்பகத்தார்க்கு இஃது உவப்பாயிற்றில்லை. வெளிநாட்டார்க்கு இவ்விதிவிலக்கின்கீழ் வழங்குதலை 2011-ஆம் ஆண்டின் இறுதியோடு அந்நூலகம் நிறுத்தியது. 2012 முதல், பதிப்பகத்தார் இசைந்த இதழ்களினின்று மட்டும், அவர் விதித்த உடன்படிக்கைப்படி, வாணிகநோக்கில்லாத வெளிநாட்டு வாசகர்க்கு வழங்கத் தலைப்பட்டது. விளைவு யாது? 2011-ல் 59 நாடுகளுக்கு 38,000-க்கு மேற்பட்ட படிகள் சென்றிருந்தன. 2015-ல் நாடுகள் 26. படிகளோ ஆயிரத்திற்கும் குறைவு. 2016-ல் அவ்வுடன்படிக்கை முறையும் ஒழிந்தது. நான்காண்டில் ஒரு பேராறு வற்றிய வரலாறு இது. பஞ்சத்தாலன்று, அணையாலென்க.

இனி, படி வழங்கினால் விற்பனை கெடும் என்பார் கூற்றை நோக்குவாம். வேண்டுகின்றவர் யாவர்? ஓர் ஏழைநாட்டுக் கல்லூரியில் ஒரு கட்டுரையைப் பார்க்க விரும்பும் ஆசிரியர், மாணவர், மருத்துவர். படி கிடையாவிடில் அவர் அவ்விதழின் ஆண்டுச்சந்தா முழுவதையும் செலுத்துவரென்று எண்ணுதல், ஒரு செய்யுளுக்குப் பொருள் வினவ வந்தவர் உரைநூல் முழுவதையும் விலைக்குக் கொள்வரென்று எண்ணுதலை ஒக்கும். அவர் வாங்கார், பாராமலே எழுதுவர், அன்றி எழுதாதொழிவர். அற்றேல், 2012-க்குப்பின் படிகள் குறைந்தது வேண்டுவார் இன்மையாலன்றோ எனின், அன்று. வழங்கத்தக்க இதழ்களின் பட்டியலே பெரிதுஞ் சுருங்கிற்று. பந்தியைச் சுருட்டியபின், உண்பார் வந்திலர் என்று கணக்கெழுதுதல் முறையாகுமா?

சட்டம் எதற்கு, உரிமையாளர் மனமுவந்து தரும் உடன்படிக்கையே அமையாதோ என்பது அவர்க்குத் துணைநிற்பார் வினா. இஃது அதனினும் வலியதுபோலத் தோன்றும் போலி. இலக்கணத்திற் பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்குதல் உண்டு. ஆயின் இரண்டையும் வகுப்பவர் ஒரே ஆசிரியர். ஈண்டோ பொதுவிதியை வகுத்தது நாட்டின் ஆட்சி மன்றம். சிறப்புவிதியென்று கொண்டுவரப்படும் ஒப்பந்த வாசகத்தை எழுதியவர் வழக்கின் ஒரு கட்சிக்காரர். கட்சிக்காரர் எழுத்து மன்றத்தின் விதியை விலக்குமாயின் மன்றம் இருந்து பயன் என்னை? இவ்வுண்மையை இங்கிலாந்தே பின்னர் உணர்ந்தது. 2014-ல் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, நூலகங்கள் படியெடுத்தற்குரிய விதிவிலக்கைத் தடுக்கும் ஒப்பந்த வாசகம் செல்லாது என்று விதித்தது. செருமனியும் 2018 முதல் நடைபெறும் திருத்தத்தால், ஒரு நூலிற் பத்திலொரு பங்கையும் ஆய்விதழ்களின் தனிக்கட்டுரைகளையும் வாணிகநோக்கில்லார்க்கு நூலகங்கள் விடுக்கலாமென்று சட்டத்திலேயே பொறித்தது. எனினும் ஒரு நாட்டின் சட்டம் எல்லைக்கு அப்பாலுள்ள வாசகர்க்கும் அரணாமென்பது உறுதியன்று. வேற்றுநாட்டு வாசகர் இடையில் நின்று அலமருவது இதனால்.

மின்னிதழ் வந்தபின் இவ்வல்லல் இரட்டித்தது. அச்சிதழை நூலகம் விலைகொடுத்து வாங்கிற்று; அது நூலகத்தின் உடைமை. மின்னிதழோ பெரும்பாலும் வாங்கப்படுவதன்று. குடிக்கூலிக்கு இருப்பவர் நிலையே நூலகத்தின் நிலை. குடியிருப்பவர் விருந்தினரை அழைத்தற்கும் வீட்டுக்குரியவர் இசைவு வேண்டுமென்று ஒப்பந்தத்தில் எழுதுகின்றனர். யாவும் இணையத்திற் கிடைக்குமென்பார் இதனை அறியார். இணையத்தில் இருத்தல் வேறு, கிடைத்தல் வேறு. அன்றியும் 2023 அக்டோபரில் தீயோர் புகுந்து கணினிகளை முடக்கியபோது, பிரிட்டிஷ் நூலகத்தின் நூற்பட்டியல்தானும் மறுவருடம் சனவரி வரை இணையத்திற் காணக் கிடைத்திலது. அவர்பால் இதற்குமேல் வாதம் வேண்டா.

நம் நூல்களுக்கு வருவாம். இருபத்தெட்டு ஆகமங்களின் பெயர்வரிசையில் நிசுவாசம் என்பது ஓதப்படுதலை அன்பர் அறிவர். நிசுவாச தத்துவ சங்கிதை என்னும் பழைய நூலின் ஓலைப்படி, ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டினது, காட்மாண்டுவிலுள்ள நேபாள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றது. அதனைப் பார்த்தெழுதிய பிற்காலப் படியொன்று இலண்டனில் உளது. 1970 முதல் 2001 வரை நேபாளமும் செருமனியும் கூடி நடத்திய திட்டத்தில் நேபாளத்து ஏடுகள் நுண்படச் சுருள்களாயின; ஓலை நேபாளத்தை விட்டு நீங்கவில்லை, படத்தின் படி பெர்லின் அரசு நூலகத்தை அடைந்தது. இவ்வாறு ஏடும் படமும் பலதேயத்து ஆய்வாளர் கைக்கு எட்டியமையால், அந்நூலின் முற்பகுதிகள் 2015-ல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முதலியவற்றின் பதிப்பாக வெளிவந்தன. காட்மாண்டு ‘தாரேன்’ என்றும் இலண்டன் ‘இசைவு பெற்று வா’ என்றும் கூறியிருப்பின், இன்று அந்நூலை யாம் பெயரளவில் மட்டும் அறிந்திருப்பேம்.

ஈண்டுப் பதிப்பகத்தாரை விட்டு நம்மவரை நோக்கிச் சில கூறல் வேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியை 1887-லும் சிலப்பதிகாரத்தை 1892-லும் பதிப்பித்தது பலர்பால் இரவல் பெற்ற ஏடுகளைக் கொண்டன்றோ? மடங்களும் கவிராயர் வீடுகளும் அன்று கொடுத்தன. இன்று சரசுவதி பூசையன்று ஏட்டுக்கட்டுகளுக்குச் சந்தனமும் மலரும் சாத்தி, மற்றைநாளெல்லாம் பூட்டிவைக்கும் இடங்களை யாம் அறிவேம். கட்டவிழ்த்துப் பார்க்க வேண்டின், அயல்நாட்டார் கவர்ந்து போவர் என்பர். ஏடு இரவல் வாங்கித் திருப்பாதவரும் இருந்தனராதலின் அவ்வச்சம் முழுதும் பொய்யென்னேம். அதற்கு மாற்று, ஓலையை விடாது படத்தை விடுத்தல். புதுச்சேரியிலுள்ள சைவ ஏடுகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. அவற்றை அயலார் எவரும் கவர்ந்து போயினாரல்லர். பூட்டிய பெட்டியைக் கரையான் கவர்தலோ யாம் கண்கூடாகக் கண்டது.

எல்லைகடந்து படி செல்லுதற்குப் பன்னாட்டுச் சட்டம் இயலாதென்பாரும் உளர். 2013-ல் மராகேஷ் நகரில் உருவான உடன்படிக்கை, பார்வையற்றோர் படித்தற்கேற்ற நூற்படிகள் நாடுவிட்டு நாடு செல்ல வழி திறந்தது. 2016 செப்டம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனை முதற்கண் உறுதிசெய்த நாடு இந்தியா, 2014-ல். பதிப்புத்தொழில் அதனால் அழிந்துபோகவில்லை. நூலகங்களுக்கும் அத்தகையதோர் உடன்படிக்கை வேண்டுமென்று உலக அறிவுச்சொத்து அமைப்பிற் பல்லாண்டாகப் பேச்சு நிகழ்கின்றது; பேச்சே நிகழ்கின்றது. அங்கே முன்னின்று வழக்குரைத்தற்கு இந்தியாவினும் உரியார் இலர்.

அங்ஙனம் உரைக்கும்போது, நும்முடைய மடங்களும் நூலகங்களும் தம்பால் உள்ளனவற்றைத் தருமோ என்று எதிர்க்கட்சியார் வினவுவர். விடை நம் கையிலிருத்தல் வேண்டும். ஒவ்வோர் ஆதீனமும் ஒவ்வொரு பழம்புத்தகசாலையும் தன்பாலுள்ள ஏடுகளின் பெயரையும் இருக்குமிடத்தையும் முதற்கண் பட்டியலாக வெளியிடுக. பெயரறியாத ஏட்டை எவரும் வேண்டல் இயலாமையின், பட்டியலை மறைத்தல் கேளாமுன்னரே மறுத்தலாகும். அதனை வெளியிடுதற்குப் புதுச்சட்டமும் வேண்டா. பதிப்பகத்தார் இசைவும் வேண்டா.